நள்ளிரவில் ஏன் மலை ஏறுகிறார்கள்?

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் ஹூட் என்னும் மலை இருக்கிறது. அதன் உயரம் 3,429 மீட்டர். அடங்கிக் கிடக்கும் எரிமலை அது. உச்சியைச் சுற்றிலும் பனியாறுகள் இறங்குகின்றன. மலையின் தென்சரிவில், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், டிம்பர்லைன் என்ற பெரிய விடுதி உள்ளது. 1937-ஆம் ஆண்டு அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நாட்டுக்கு அர்ப்பணித்த கட்டடம் இது.

வசந்த காலத்தில், அதாவது ஏப்ரல் முதல் ஜூன் வரை, இவ்விடுதியின் அருகே ஒரு விந்தையைக் காணலாம். நள்ளிரவு கடந்து ஒரு மணி இருக்கும். ஊர் உறங்கும் அந்த வேளையில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மூவரும் நால்வருமாகச் சிறு சிறு குழுக்கள் மலையை நோக்கிப் புறப்படுகின்றன. கடுங்குளிர், கண்ணுக்கு எட்டிய தூரம் இருட்டு. நன்றாகத் தூங்கி எழுந்து, பொழுது விடிந்து, வெயில் ஏறிக் குளிர் குறைந்த பிறகு புறப்பட்டால் என்ன?

கேள்வி நியாயமானதே. ஆனால் வெயில் ஏறிய பிறகு அங்கே இருப்பது வேறொரு மலை. அதிகாலையில் கல்போலக் காலைத் தாங்கிய அதே சரிவு, முற்பகலில் முழங்கால் வரை உள்வாங்கும். தலைக்கு மேலிருந்து பனிக்கட்டிகள் உதிரும். சில நேரம் சரிவே பெயர்ந்து வரும். இந்த மாற்றத்துக்குக் காரணமான வெப்பவியலைப் பள்ளிப் பாடத்தில் படித்த அளவிலேயே நாம் கணக்கிட்டுப் பார்க்க முடியும். அதைத்தான் இங்கே காணப் போகிறோம்.

பனிக்கும் வயது உண்டு

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் மொழியில் 'பனி' என்ற ஒரே சொல் பல பொருள்களைத் தருகிறது. மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனிதான். காலையில் சாலையை மறைக்கும் புகை போன்ற மூட்டமும் பனிதான். ஊட்டியில் டிசம்பர், சனவரி மாதங்களில் புல்லின்மேல் உப்புத் தூவியதுபோல் படிவது உறைபனி. இவையெல்லாம் ஒன்றல்ல. இக்கட்டுரையில் பனி என்று நாம் சொல்வது, வானிலிருந்து துகள்களாக விழுந்து மலைமேல் குவியும் வெண்பனியை மட்டுமே.

புதிதாக விழுந்த பனி பஞ்சு போன்றது. அதன் ஒரு கன மீட்டர் சுமார் 100 கிலோகிராம்தான் இருக்கும். அதே பருமனுள்ள நீர் 1,000 கிலோகிராம் அல்லவா? அப்படியானால் புதுப் பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றே நிரம்பியிருக்கிறது. ஆறு கைகள் விரிந்த அழகிய படிகங்கள் ஒன்றோடொன்று கோத்துக் கிடப்பதால் இத்தனை இடைவெளி.

குளிர்காலம் முடிந்து வசந்தம் வரும்போது இந்தப் பனி அடையாளம் தெரியாமல் மாறிவிடுகிறது. பகலில் மேற்பரப்பு உருகுகிறது. இரவில் மீண்டும் உறைகிறது. நாள்தோறும் நடக்கும் இந்த உருகலிலும் உறைதலிலும் கூர்மையான கைகள் முதலில் கரைகின்றன. சிறிய துகள்கள் மறைந்து, பெரிய துகள்கள் மேலும் பெரிதாகின்றன. வளைவு மிகுந்த மேற்பரப்பின் உருகுநிலை சற்றே குறைவாக இருப்பதே இதற்குக் காரணம். சில வாரங்களில் சர்க்கரையைப் போல் உருண்டையான, பருத்த மணிகளே மிஞ்சுகின்றன. அடர்த்தியும் கன மீட்டருக்கு 450 கிலோகிராம் அளவுக்கு உயர்ந்துவிடுகிறது.

இந்த மணிகளைப் பிணைப்பது எது? இரவில் பனிக்கட்டியே பிணைக்கிறது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் கட்டிகளைக் கிண்ணத்தில் போட்டுச் சற்று நேரம் கழித்துப் பாருங்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். மலைச்சரிவிலும் அப்படியே. மணிகளுக்கிடையே தங்கிய நீர் உறைந்து சிறு சிறு பாலங்களாகிறது. கோடிக்கணக்கான இந்தப் பாலங்கள்தாம் சரிவைக் கல்லாக்குகின்றன.

பகலில் பாலங்கள் உருகி நீராகின்றன. நீர் குறைவாக இருக்கும்வரை கவலையில்லை. கடற்கரையில் ஈர மணலைப் பிடித்துக் கோபுரம் கட்டுகிறோமே, அதுபோல நீரின் பரப்பு இழுவிசை மணிகளை ஓரளவு பிடித்து வைக்கும். ஆனால் கோபுரத்தின்மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? அதே கதிதான் நீர் மிகுந்த பனிக்கும் நேர்கிறது. இடைவெளிகளை நீர் நிரப்பியதும் பிடிப்பு போய்விடுகிறது. பனி கூழாகிறது.

ஆகவே வசந்தகாலப் பனியின் வலிமையை அறிய வேண்டுமானால், அதில் எத்தனை பங்கு நீராக இருக்கிறது என்று கேட்க வேண்டும். அதை முடிவு செய்பவை இரண்டு: இரவு வானமும் பகல் சூரியனும்.

விண்மீன் தெரியும் இரவு

காற்றின் வெப்பநிலை உறைநிலைக்கு மேல் 2 அல்லது 3 டிகிரி இருக்கும்போதே பனியின் மேற்பரப்பு உறைந்துவிடுவதுண்டு. இது முரண்பாடாகத் தோன்றலாம். ஊட்டியில் உறைபனி படிவதும் இப்படித்தான். தலையுயரத்தில் தொங்கும் வெப்பமானி பூச்சியத்துக்கு மேல் காட்டும். காலடியில் புல் வெளுத்துக் கிடக்கும். புல் காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. தன் வெப்பத்தை அது கதிர்வீச்சாக வானத்துக்கு இழப்பதே காரணம்.

எந்தப் பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்பக் கதிர்வீசுகிறது. சதுர மீட்டருக்கு எவ்வளவு என்பதை ஸ்டெபான் விதி சொல்கிறது: தனிவெப்பநிலையின் நான்காம் படியை 5.67-ஆல் பெருக்கி, பத்துக்கோடியால் வகுக்க வேண்டும். கண்ணுக்கு வெண்மையாகத் தெரிந்தாலும், நீண்ட அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர்களைப் பொறுத்தவரை பனி ஏறத்தாழ முழுக் கரும்பொருள். 273 கெல்வின் வெப்பநிலையில், அதாவது பூச்சியம் டிகிரி செல்சியஸில், ஒரு சதுர மீட்டர் பனி 315 வாட் ஆற்றலை வெளியே அனுப்புகிறது.

வானமும் பதிலுக்குக் கதிர்வீசுகிறது. காற்றிலுள்ள நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அகச்சிவப்புக் கதிர்களைக் கீழே திருப்பியனுப்புகின்றன. உயர்ந்த மலையில், மேகமற்ற இரவில், இது சதுர மீட்டருக்குச் சுமார் 235 வாட் என்று வைத்துக்கொள்வோம். வரவு 235, செலவு 315. ஒவ்வொரு சதுர மீட்டரும் வினாடிக்கு 80 ஜூல் இழந்துகொண்டே இருக்கிறது.

8 மணி நேரத்தில், அதாவது 28,800 வினாடிகளில், மொத்த இழப்பு ஏறத்தாழ 23 இலட்சம் ஜூல். ஒரு கிலோகிராம் நீர் உறையும்போது வெளியிடும் உள்ளுறை வெப்பம் 3,34,000 ஜூல். எனவே ஓர் இரவில் சதுர மீட்டருக்கு 7 கிலோகிராம் நீர் உறைய முடியும். கன மீட்டருக்கு 450 கிலோகிராம் உள்ள ஈரப் பனியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 45 கிலோகிராம், நீராக இருப்பதாகக் கொண்டால், 7 கிலோகிராம் நீர் சுமார் 15 சென்டிமீட்டர் ஆழத்துப் பனியில் அடங்கியிருக்கும். ஆக, ஓர் இரவில் 15 சென்டிமீட்டர் தடிப்புள்ள கெட்டியான மேலோடு உருவாகிவிடுகிறது. கணிதப் பெட்டியில் வைக்கும் சிறு அளவுகோலின் நீளம் அது. ஒரு மனிதனைத் தாங்க அது தாராளமாகப் போதும்.

வானம் மேகமூட்டமாக இருந்தால் கணக்கு தலைகீழாகிறது. தாழ்ந்த மேகம் தானும் ஏறத்தாழ ஒரு கரும்பொருளே. பனி கொடுப்பதை அது கிட்டத்தட்ட அப்படியே திருப்பித் தருகிறது. இழப்பு ஏறக்குறைய நின்றுபோவதால் மேலோடு உருவாவதில்லை. அனுபவமுள்ள மலையேறிகள் புறப்படுமுன் வெப்பமானியோடு வானத்தையும் பார்ப்பது இதனால்தான். விண்மீன்கள் பளிச்சென்று தெரிந்தால் பனி உறைந்திருக்கும். தெரியாவிட்டால், காலைப் பனியில் ஊன்றி அழுத்திப் பார்த்து, உள்ளே போனால் திரும்பிவிடுவதே அறிவுடைமை.

இதை நம் ஊரிலேயே சோதித்துப் பார்க்கலாம். மார்கழியிலோ தையிலோ மேகமற்ற ஓர் இரவில், மொட்டை மாடியில் இரண்டு தெர்மோகோல் பலகைகளை வையுங்கள். ஒவ்வொன்றின்மேலும் ஒரு வெப்பமானியைப் படுக்க வையுங்கள். ஒன்று திறந்த வானத்தைப் பார்க்கட்டும். மற்றொன்றின் மேலே விரித்த குடையைத் தாங்கலாக நிறுத்துங்கள். விடியுமுன் சென்று பார்த்தால், வானத்தைப் பார்க்கும் வெப்பமானி குறைந்த வெப்பநிலையைக் காட்டும். குடை இங்கே மேகத்தின் வேலையைச் செய்கிறது.

சூரியன் கணக்குத் தீர்க்கும் நேரம்

இப்போது பகலுக்கு வருவோம். மே மாதக் காலை, வானம் தெளிவு. சூரியன் ஓரளவு மேலே வந்ததும், சரிவின்மேல் சதுர மீட்டருக்கு 750 வாட் விழுவதாகக் கொள்வோம். புதுப் பனியானால் இதில் 80 முதல் 90 விழுக்காடு வரை திருப்பியனுப்பிவிடும். பருத்த மணிகளும் தூசியும் கொண்ட வசந்தகாலப் பனியோ 60 விழுக்காடுதான் திருப்பும். மீதி 40 விழுக்காட்டை, அதாவது 300 வாட்டை, வாங்கிக்கொள்ளும்.

அகச்சிவப்பு இழப்பான 80 வாட்டைக் கழித்தால் நிகர வரவு 220 வாட். ஒரு மணி நேரத்துக்கு இது ஏறத்தாழ 7,92,000 ஜூல். உள்ளுறை வெப்பத்தால் வகுத்தால், சதுர மீட்டருக்கு மணிக்கு 2.4 கிலோகிராம் பனி உருகும். இரவு முழுதும் 8 மணி நேரத்தில் வானம் உறையவைத்தது 7 கிலோகிராம். அதைச் சூரியன் உருக்க எடுத்துக்கொள்வது 3 மணி நேரம்!

இது மேலோட்டமான கணக்குதான். காற்றின் வேகம், ஈரப்பதம், சரிவு எந்தத் திசையை நோக்குகிறது என்பவற்றைப் பொறுத்து எண்கள் மாறும். ஆனால் 8-க்கு 3 என்ற இந்த விகிதத்தின் போக்கு மாறாது. பனி மெல்ல இறுகி, விரைவாக இளகுகிறது. மலையேறும் குழுவுக்குக் கிடைப்பது, இரவின் கடைசிப் பகுதியும் காலையின் முதல் சில மணி நேரமும் மட்டுமே.

அந்த நேரம் தாண்டிவிட்டதை மலையே அறிவிக்கிறது. பாறைகளை ஒட்டிய பனியிலிருந்து சிறு உருண்டைகள் கழன்று, தேர்ச்சக்கரம் போல் சுருண்டு பெருத்துக்கொண்டே உருளும். கால் கணுக்கால் வரை புதையும்; பிறகு முழங்கால் வரை. இவை ஈரப் பனிச்சரிவுக்கு முன்னறிவிப்புகள்.

ஹூட் மலையில் இன்னொரு தொல்லையும் உண்டு. குளிர்காலப் புயலில் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் மிதக்கும் நீர்த்துளிகள், உச்சியருகே உள்ள பாறைகளில் மோதியவுடன் உறைகின்றன. இப்படிப் படிந்த பனிக்கட்டி பாறைகளைப் பூக்கோசு போல மூடியிருக்கும். காலை வெயில் பட்டதும் ஒட்டிய இடம் இளகி, தட்டு அளவிலும் அதைவிடப் பெரிதாகவும் கட்டிகள் உதிர்ந்து வருகின்றன. ஏறுகிறவர் தலைக்கவசம் அணிவது இதற்காகவே.

நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுதல்

டிம்பர்லைனிலிருந்து உச்சி வரை ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 1,600 மீட்டர். பயிற்சியுள்ள ஒருவர் முதுகுச் சுமையோடு மணிக்கு 250 மீட்டர் உயரம் ஏறுவார் என்று கொண்டால் ஆறரை மணி நேரம் ஆகும். மே மாதத்தில் அங்கே சூரியன் உதிப்பது காலை ஐந்தரை மணி அளவில். வெயில் சரிவை இளக்கத் தொடங்குமுன் உச்சியைத் தொட்டு, செங்குத்தான பகுதியைத் தாண்டி இறங்கியிருக்க வேண்டும். ஏழரை மணிக்கு உச்சியில் நிற்க வேண்டுமானால் புறப்பட வேண்டியது இரவு ஒரு மணி. காலை நான்கு மணிக்குப் புறப்படுபவர் உச்சியை அடைவது பத்தரைக்கு. அவர் இறங்குவது வேறு பனியில்.

குழு ஏன் சிறியதாக இருக்க வேண்டும் என்பதற்கும் இங்கே விடை இருக்கிறது. ஒருவர் பின் ஒருவராகக் கடக்க வேண்டிய குறுகலான இடங்களில், ஆளுக்கு 6 நிமிடம் ஆகிறது என்போம். நான்கு பேருக்கு 24 நிமிடம். பத்துப் பேருக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்குள் சதுர மீட்டருக்கு 2.4 கிலோகிராம் பனி உருகிவிடும்.

வழியின் முதல் பாதி அகன்ற பனிவெளி. செங்குத்து அதிகமில்லை, பொறுமை இருந்தால் போதும். அதன்பின் கிரேட்டர் ராக் என்ற பெரும் பாறையைச் சுற்றிப் போனால் பழைய எரிமலை வாயை அடையலாம். இங்கே இன்றும் நிலத்துளைகளிலிருந்து நீராவி வருகிறது. கூடவே அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடும், காற்றைவிடக் கனமான கார்பன் டை ஆக்சைடும். வெப்பம் அடியிலிருந்து பனியைக் குடைந்து பள்ளங்களை உண்டாக்குவதால், அந்தத் துளைகளை விட்டு விலகியே நடக்க வேண்டும்.

அடுத்து வருவது 'ஹாக்ஸ்பேக்', அதாவது பன்றிமுதுகு, என்ற கூரிய பனிவரப்பு. அதற்கு மேலே 'பெர்க்ஷ்ருண்ட்' எனப்படும் பிளவு. நகரும் பனியாறு, மலையோடு ஒட்டி நிற்கும் பனியிலிருந்து பிரியும் இடத்தில் தோன்றும் வெடிப்பு இது. குளிர்காலத்தில் மூடிக் கிடந்து, வெயில் காலம் நெருங்க நெருங்க அகலமாக வாய் திறக்கும். அதையும் தாண்டினால் 'பேர்லி கேட்ஸ்', அதாவது முத்துக் கதவுகள், என்ற குறுகிய இடைவெளி, பிறகு உச்சி. வரப்பும் பிளவும் ஆண்டுக்கு ஆண்டு சற்றே இடம் மாறுவதால் வழியும் மாறுகிறது. இப்பகுதியில் சரிவின் கோணம் 40 டிகிரியை எட்டுகிறது.

வழுக்கினால் என்ன ஆகும்?

உறைந்த பனியில் வெறும் செருப்படி நிற்காது. 'கிராம்பான்' எனப்படும் எஃகு முட்கள் கொண்ட சட்டத்தைக் காலணியின் அடியில் கட்டிக்கொள்கிறார்கள். அகன்ற அடியில் பரவும் உடல் எடை, சில முள்முனைகளின் சிறு பரப்பில் குவிவதால் அழுத்தம் பன்மடங்கு உயர்ந்து, முட்கள் பனிக்குள் இறங்குகின்றன. கையில் பனிக்கோடரி. ஊன்றுகோலும் அதுவே, ஆபத்தில் பிடிமானமும் அதுவே.

இருந்தும் ஒருவர் வழுக்கிவிட்டார் என்று கொள்வோம். சரிவு 40 டிகிரி. வழுவழுப்பான நைலான் உடைக்கும் உறைந்த பனிக்கும் இடையே உராய்வுக் கெழு 0.1 என்போம். சாய்தளத்தில் முடுக்கத்துக்கான சூத்திரத்தைப் பயன்படுத்தினால், முடுக்கம் வினாடிக்கு வினாடி ஐந்தரை மீட்டர் என்று வரும். அதாவது ஒரு வினாடி முடிவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம். இரண்டு வினாடியில் 40. மூன்று வினாடியில் 60. அதற்குள் அவர் 25 மீட்டர் சறுக்கியிருப்பார்.

ஆகவே தப்பிக்கக் கிடைப்பது முதல் ஓரிரு வினாடிகளே. உடனே குப்புறத் திரும்பி, கோடரியின் கூர்முனையைத் தோளருகே பனியில் பதித்து, உடல் எடை முழுவதையும் அதன்மேல் போட வேண்டும். கால்களை மடக்கி முட்களைப் பனியில் படாமல் உயர்த்திக்கொள்ளவும் வேண்டும். வேகத்தில் ஒரு முள் மாட்டினாலும் உடல் தூக்கியெறியப்படும். யோசித்துச் செய்ய நேரமில்லை என்பதால், ஆபத்தில்லாத சிறு சரிவில் பலமுறை விழுந்து பழகிய பிறகே மலைக்குப் போகிறார்கள்.

இதில் ஒரு சிக்கலையும் கவனிக்க வேண்டும். நடப்பதற்கு நல்லது உறைந்த பனி. விழுந்தவரை நிறுத்துவதற்கு நல்லது சற்று இளகிய பனி. கல்லாக உறைந்த பனியில் கோடரிமுனை எளிதில் இறங்காது. எனவே விடியுமுன் ஏறும்போது வழுக்காமலிருப்பதே பெரிய பாதுகாப்பு.

கயிறு காப்பாற்றுமா?

மலையேறிகளின் படங்களில் அவர்கள் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் பிடித்து நிறுத்துவார்கள் என்றுதான் எவருக்கும் தோன்றும். இயற்பியல் என்ன சொல்கிறது?

இருவர், இடையே 10 மீட்டர் கயிறு. சுமையோடு ஆளுக்கு 80 கிலோகிராம். மேலே இருப்பவர் வழுக்குகிறார். கீழே இருப்பவரைத் தாண்டி, மேலும் 10 மீட்டர் சறுக்கிய பிறகுதான் கயிறு இறுகும். ஆக, அதற்குள் அவர் 20 மீட்டர் சறுக்கியிருப்பார். அப்போது வேகம் வினாடிக்கு 15 மீட்டர். மணிக்கு 54 கிலோமீட்டர். இயக்க ஆற்றல் சுமார் 8,900 ஜூல். கயிறு 2 மீட்டர் நீண்டு இந்த ஆற்றலை வாங்கிக்கொள்கிறது என்றாலும், சரிவு இழுக்கும் விசையையும் சேர்த்தால், சராசரி விசை 4,900 நியூட்டன் வரும். அதாவது 500 கிலோகிராம் எடை திடீரென்று இடுப்பில் தொங்குவதற்குச் சமம். உச்ச விசை இதைவிடவும் அதிகம். நான்கைந்து முள்முனைகளில் நிற்கும் மனிதர் இதைத் தாங்குவாரா? அவரும் பெயர்கிறார். கயிற்றில் மூன்றாமவர் இருந்தால், அவர் தடுக்க வேண்டியது இப்போது இருவரை.

2002-ஆம் ஆண்டு மே 30 அன்று காலை ஹூட் மலையில் இது நடந்தது. பேர்லி கேட்ஸுக்குக் கீழே, ஒரே கயிற்றில் இறங்கிக்கொண்டிருந்த நால்வர் குழுவில் மேலே இருந்தவர் வழுக்கினார். மற்ற மூவரும் இழுபட்டனர். அவர்களின் கயிறு கீழே இருந்த இருவர் குழுவை வாரிச் சென்றது. பிறகு அதற்கும் கீழே இருந்த மூவர் குழுவையும். ஒன்பது பேரும் பெர்க்ஷ்ருண்ட் பிளவுக்குள் போய் விழுந்தனர். மூவர் இறந்தனர்; மேலும் சிலர் படுகாயமுற்றனர். மீட்க வந்த விமானப்படை ஹெலிகாப்டர் ஒன்றும், காற்று மெலிந்த அந்த உயரத்தில் நிலைநிற்க முடியாமல் விழுந்து சரிவில் உருண்டது. அதில் இருந்தவர்கள் உயிர் தப்பினர்.

கயிறு அறுந்திருந்தால் ஒருவர் மட்டும் விழுந்திருப்பார் என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியானால் கயிறே வேண்டாமா? முடிவு அதுவல்ல. கயிறு விசையைக் கடத்தும் சாதனம் மட்டுமே. அந்த விசையை வாங்கிக்கொள்ள ஓர் அசையாப் பொருள் வேண்டும். அதற்காகவே சுமார் அரை மீட்டருக்கு மேல் நீளமுள்ள அலுமினிய முளைகளைப் பனியில் அறைந்து, கயிற்றை வளையத்தின் வழியாக அவற்றில் மாட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். முதலில் போகிறவர் முளை அடித்துக்கொண்டே போவார். கடைசியில் வருகிறவர் பிடுங்கிக்கொண்டே வருவார். எப்போதும் ஒரு முளையாவது கயிற்றில் இருக்கும். ஒருவர் விழுந்தால் மலையே பிடிக்கிறது. முளை அடிக்க நேரமும் மனமும் இல்லாத செங்குத்தான இடத்தில், கயிற்றை அவிழ்த்துவிட்டுத் தனித்தனியே கவனமாகச் செல்வது மேல் என்பதே அனுபவமுள்ளவர்களின் கருத்து.

முளையின் பிடிப்பும் பனியின் இறுக்கத்தைப் பொறுத்ததுதான். உறைந்த பனியில் உறுதியாக நிற்கும் முளை, கூழான பனியில் கையோடு வந்துவிடும். இங்கும் கடிகாரத்தைப் பார்க்காமல் முடியாது.

திரும்பத் தெரிய வேண்டும்

1986-ஆம் ஆண்டு மே 12 அன்று அதிகாலை, உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் பெரியவர்களும் அடங்கிய ஒரு குழு டிம்பர்லைனிலிருந்து புறப்பட்டது. சிலர் வழியிலேயே திரும்பிவிட்டனர். மற்றவர்கள் பிற்பகல் வரை ஏறிக்கொண்டிருந்தனர். உச்சிக்குச் சற்றுக் கீழே புயல் அவர்களைச் சூழ்ந்தது. திரும்பி இறங்க வழி தெரியாமல், பனியைக் குடைந்து ஒரு சிறு குகை செய்து அதில் ஒடுங்கினர். உதவி தேடி இருவர் மறுநாள் இறங்கி வந்து செய்தி சொன்னார்கள். ஆனால் விழுந்துகொண்டே இருந்த பனி, குகையின் வாயை மூடிவிட்டது. மே 15 அன்றுதான் குகையைக் கண்டுபிடிக்க முடிந்தது. மாணவர் 7 பேரும் பெரியவர் 2 பேரும் ஆக 9 பேர் உயிரிழந்தனர்.

பனிப்புயலில் வழி தெரியாமல் போவது ஏன்? மேகத்திலிருந்தும் தரையிலிருந்தும் ஒளி எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாகச் சிதறி வருவதால் நிழலே விழுவதில்லை. நிழல் இல்லாதபோது மேடு எது, பள்ளம் எது என்று கண்ணுக்குத் தெரியாது. சரிவு போகும் திசையில் இறங்கினால் வீடு வந்துவிடும் என்று அப்போது தோன்றும். ஹூட் மலையின் தென்புறத்தில் இதுவே பொறி. கிரேட்டர் ராக்கிலிருந்து சரிவு இழுக்கும் வழியே இறங்கினால், விடுதிக்குப் போகாமல் மேற்கேயுள்ள ஆழ்ந்த பள்ளத்தாக்குகளுக்குப் போய்ச் சேர நேரிடும். காந்த ஊசி காட்டும் தென்திசையைப் பற்றி நடந்தால் டிம்பர்லைனை நெருங்கலாம். கால்கள் சொல்வதை விட்டு ஊசி சொல்வதை நம்ப வேண்டிய நேரம் அது.

அந்த நிலை வருமுன்பே திரும்புவது இன்னும் நல்லது. தேர்ந்த குழுக்கள் புறப்படுமுன் ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்கின்றன. உச்சிக்கு இன்னும் 100 மீட்டரே இருந்தாலும், அந்த நேரம் வந்துவிட்டால் திரும்புவது என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். இதை விடுதியிலேயே பேசி முடிப்பதற்குக் காரணம் உண்டு. 3,400 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். மூச்சு வாங்கும், தூக்கமின்மையும் களைப்பும் சேரும், உச்சி கண்ணெதிரே தெரியும். நிதானமாக முடிவெடுக்க ஏற்ற இடம் அதுவன்று.

சிறு குழுவுக்கு இதிலும் ஒரு வசதி. நால்வரில் ஒருவர் சோர்ந்தாலும் மற்ற மூவருக்கும் உடனே தெரிகிறது. ஒருவர் "திரும்புவோம்" என்றால் அது எல்லோர் காதிலும் விழுகிறது. பெரிய கூட்டத்தில் முன்னே போகிறவருக்குப் பின்னே வருகிறவரின் நிலை தெரிவதில்லை.

ஆகவே, இரவு ஒரு மணிக்கு டிம்பர்லைன் வாசலில் நிற்கும் நால்வரும் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் எளியவை. விண்மீன் தெரிகிறதா? காலடியில் பனி நொறுங்காமல் தாங்குகிறதா? எத்தனை மணிக்குச் செங்குத்தான பகுதியை விட்டு இறங்கியிருப்போம்? முளைகள் யாருடைய பையில் இருக்கின்றன? எந்த நேரத்தில் திரும்புவோம்? ஐந்துக்கும் சரியான விடை கிடைத்தால் அவர்கள் நடக்கத் தொடங்குகிறார்கள். ஒன்றுக்கு விடை சரியில்லாவிட்டாலும் அறைக்குத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள். மேகமற்ற வேறோர் இரவில் பனி மறுபடியும் உறையும்.